வேடசந்தூர் வட்டாரத்தில் பெண் பிள்ளைகளின் படிப்புக்காக வரும் மாதங்களில் செய்யவிருக்கும் பணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் குழுவில் இருப்பவர்கள் யார்? பின்னால் கட்சியோ நிறுவனமோ உண்டா?

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரிலும், சுற்றியுள்ள எரியோடு, வடமதுரை, குஜிலியம்பாறைப் பகுதிகளிலும் குடியிருக்கும் பெண்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து நடத்துவது இது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஓர் அங்கன்வாடிப் பணியாளர், தையல் கடை வைத்திருப்பவர்கள், நூற்பாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் என்று கலந்திருக்கிறோம். கட்சி கிடையாது, வெளியூர் நிதி கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. வட்டாரத்துப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்புவரை தடையில்லாமல் படித்து, அதற்கு மேலும் ஏதேனும் ஒரு படிப்பில் சேர வேண்டும் என்பதற்காகக் கூடுகிறோம். மாதந்தோறும் முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலகத்தில் இருப்போம். முன்கூட்டிச் சொல்லாமலே வந்து கேட்கலாம்.

பணிகளை ஏன் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மாதங்களில் குவித்து வைத்திருக்கிறீர்கள்?

பெண் பிள்ளைகள் படிப்பை விடுவது பெரும்பாலும் பள்ளி நடக்கும் நாட்களில் அல்ல, பள்ளி பூட்டியிருக்கும் நாட்களில்தான் என்பது எங்கள் அனுபவம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததிலிருந்து பதினோராம் வகுப்புச் சேர்க்கை வரைக்கும் ஏறக்குறைய இரண்டு மாதம் சும்மா கிடக்கிறது. மில்லுக்கு ஆள் சேர்க்கும் புரோக்கர் ஊருக்குள் வந்து முன்பணம் பேசுவதும் அந்த மாதங்களில்தான், வைகாசி முகூர்த்தங்கள் வருவதும் அப்போதுதான். "லீவுக்கு மட்டும் போய்ட்டு வரட்டும்" என்று வேன் ஏற்றி விடப்பட்ட பிள்ளை ஜூன் மாதத்தில் பள்ளிக்குத் திரும்புவது அரிது.

மகள் இனிமேல் படிக்க வேண்டாம் என்று ஒரு குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததை நாங்கள் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போக அப்பாவுக்கு நேரமில்லை, சாதிச் சான்றிதழில் பெயர் தவறாக இருக்கிறது, அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது என்று சின்னச் சின்னதாகத்தான் காரியம் கெட்டுப்போகிறது. எரியோடு பக்கத்தில் ஒரு பெண்ணிடம், பத்தாம் வகுப்பில் நானூறுக்கு மேல் எடுத்துவிட்டு ஏன் சேரவில்லை என்று கேட்டபோது, "சேரணுமான்னு யாருமே கேக்கலக்கா" என்றாள். அவள் அம்மா பக்கத்தில் நின்று பூக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளும் மறுத்துப் பேசவில்லை. நாங்கள் அவளிடம் கேட்டபோது அந்த ஆண்டு செப்டம்பர் மாதமாகிவிட்டது. இந்த ஆண்டு அதே கேள்வியை ஏப்ரல் மாதத்திலேயே எல்லா வீட்டிலும் கேட்டுவிட வேண்டும் என்பதே எங்கள் திட்டத்தின் அடிப்படை.

மாத வாரியாக என்னென்ன நடக்கும்?

2026 பிப்ரவரியில், பொதுத்தேர்வு எழுதும் மாணவிகளின் தாய்மாரோடு ஊர்தோறும் ஞாயிறு மாலைக் கூட்டம் நடக்கும். மார்ச் மாதம் தேர்வுக்காலம் என்பதால் கூட்டம் எதுவும் வைப்பதில்லை. அந்த மாதம் பிள்ளைகளைத் தனியாக விடுவதுதான் நாங்கள் செய்யக்கூடிய உதவி. ஏப்ரலில் கடைசித் தேர்வு முடிந்த மறுவாரமே வீடு தேடிச் செல்லத் தொடங்குவோம். மே மாதம் முழுவதும் சனி, ஞாயிறுகளில் சான்றிதழ் முகாம் நடைபெறும். தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் காலை முதல் நூலக வாசலில் மேசை போட்டிருப்போம். ஜூன் மாதம் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்குத் துணைக்குப் போகும் மாதம். ஜூலையில் துணைத்தேர்வு எழுதுவோருக்கான வகுப்புகள் முடிந்து, படிப்பை நிறுத்திய பெண்களுக்கான இரவு வகுப்பு தொடங்கும். அந்த மாதக் கடைசியில் காந்திகிராமத்துக்கு ஒருநாள் பயணம் உண்டு.

வீட்டுக்கு வந்து என்ன கேட்பீர்கள்? குடும்ப விவகாரங்களை எல்லாம் எழுதிக்கொண்டு போவீர்களா?

மூன்றே கேள்விகள். பிள்ளை அடுத்து எந்த வகுப்பில் அல்லது எந்தப் படிப்பில் சேரப் போகிறாள், அதற்கு வேண்டிய தாள்களில் எது கையில் இல்லை, சேர்க்கைக்கு யார் கூடப் போகிறார்கள் என்பதைக் கேட்போம். வருமானம், கடன், நகை பற்றி எதுவும் கேட்க மாட்டோம். மூன்றாவது கேள்வி உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சேர்க்கை நாளன்று அம்மாவுக்கு நூறு நாள் வேலை, அப்பா வெளியூர் என்றால் பிள்ளை தனியாகப் போய் நின்று, "பெற்றோரைக் கூட்டி வா" என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடுகிறாள். அப்படிப்பட்ட வீட்டில், அனுமதி தந்தால், எங்களில் ஒருவர் கூடப் போவோம்.

என் மகள் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாவிட்டால்?

ஒரு பாடத்திலோ இரண்டு பாடத்திலோ 35 மதிப்பெண் எட்டாமல் போனவர்களுக்குத் துணைத்தேர்வு அதே ஆண்டிலேயே நடத்தப்படுகிறது; தேறிவிட்டால் ஓர் ஆண்டுகூட வீணாகாமல் பதினோராம் வகுப்பிலோ பாலிடெக்னிக்கிலோ சேர முடியும். சிக்கல் என்னவென்றால், முடிவு வந்த சில நாட்களுக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சில நாட்கள்தான் வீட்டில் திட்டும் அழுகையுமாகக் கழிகிற நாட்கள். ஆகையால் முடிவு வந்த அன்று மாலையே, தேறாத பிள்ளைகளின் வீடுகளுக்குத்தான் நாங்கள் முதலில் போவோம். தேறியவர்களுக்கு இனிப்பு தர ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் மூன்றுக்கும் மே கடைசியிலிருந்து தேர்வுவரை காலை வகுப்பு நடத்தப்படும், கட்டணம் இல்லை.

கட்டணப் பாக்கி இருப்பதால் தனியார் பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தர மறுக்கிறது. என்ன செய்வது?

பாக்கியை வசூலிப்பதற்கான கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளைப் பொறுத்தவரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் பள்ளிக்கு எழுத்து மூலம் கேளுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுத முகாமில் உதவுவோம். கூச்சல் போட்டுவிட்டு வருவதால் பயனில்லை, எழுதிய தாளுக்குத்தான் பதில் வரும்.

சான்றிதழ் முகாமுக்கு எதையெல்லாம் கொண்டு வர வேண்டும்?

பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அல்லது அதன் நகல், மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் ஆதார், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் அதன் பாஸ் புத்தகம் ஆகியவை போதும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பெயர் ஒத்துப்போவது. சென்ற மே மாதம் ஓர் அம்மா மஞ்சள் பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் விரித்தார். மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்து ஒன்று, ஆதாரில் தந்தை பெயர் முழுதாக, குடும்ப அட்டையில் பிள்ளையின் வீட்டுப் பெயர், வங்கியில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதல். ஒரே பிள்ளை நான்கு பேராக இருந்தாள். கணினி அவர்களை ஒரே ஆளாக ஏற்றுக்கொள்ளாது. உதவித்தொகை எந்தக் கணக்குக்கும் வந்து சேராது. இதைச் சரிசெய்ய வாரங்கள் பிடிக்கும் என்பதால்தான் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மே முதல் வாரமே வாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்திக்கொள்வது எளிது.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் யாருக்குக் கிடைக்கும்?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுப் பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் ஒன்றில் சேரும் மாணவிக்கு, அந்தப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய இந்தத் திட்டம், 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும். தரகர் யாரும் தேவையில்லை. தொலைதூரக் கல்வியில் சேர்பவர்களுக்கு இது பொருந்தாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் "வீட்டிலிருந்தே படித்தாலும் ஆயிரம் வரும்" என்று ஊரில் தவறாகப் பேசிக்கொள்கிறார்கள்.

இந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருப்பவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அவர் பெயரில் முன்பு இருந்தது திருமண நிதியுதவி, தாலிக்குத் தங்கமும் ரொக்கமும் தந்த திட்டம். அதை உயர்கல்வி உதவியாக மாற்றியபோது ஊரில் முணுமுணுப்பு இருந்தது உண்மை. எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். தங்கம் கல்யாணத்தன்று ஒருநாள் கையில் இருக்கும், அடுத்த மாதம் அடகுக் கடையில் இருக்கும் என்று அவர்களிடம் வாதாடியவர், அப்படியே தம் நகையை இழந்த இன்னொரு உறுப்பினர்தான்.

பெண் குழந்தைக்கு அரசு போட்ட வைப்புப் பத்திரம் பெட்டியில் இருக்கிறது. அதை எப்போது, எப்படிப் பெறுவது?

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால், ஒரே பெண் குழந்தை உள்ள குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாயும் வைப்புத்தொகையாகப் போடப்பட்டிருக்கும் (பழைய பத்திரங்களில் தொகை குறைவாக இருக்கலாம்). பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் வட்டியோடு சேர்த்துப் பெறலாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்லூரியில் சேர்வதும் அதே வயதில்தான் என்பதால், இந்தப் பணம் மிகச் சரியான நேரத்தில் கையில் வந்து விழும். ஆனால் பத்திரம் இருப்பதையே மறந்த வீடுகள் உண்டு, ட்ரங்குப் பெட்டியில் கரையான் அரித்த பத்திரங்களும் உண்டு. பிப்ரவரிக் கூட்டத்துக்கே அதை எடுத்து வாருங்கள். சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவோம்.

மூன்று ஆண்டு மில்லில் இருந்தால் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். படித்தால் உடனே என்ன கிடைக்கிறது?

இதை நேர்மையாகவே பேச வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை மில் கூலிக்கு ஈடாகாது. அதை நாங்கள் எந்த வீட்டிலும் மறைத்துப் பேசுவதில்லை. கடன் கழுத்தை நெரிக்கும் வீட்டில் போய்ப் படிப்பின் பெருமையை மட்டும் பேசிவிட்டு வருவது எங்களுக்குப் பிடிக்காத வேலை. ஆனால் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் நூற்பாலைகளில் நடந்ததை எங்கள் குழுவில் உள்ளவர்களே உடம்பில் அனுபவித்திருக்கிறார்கள். மூன்றாண்டு முடிந்தால்தான் மொத்தத் தொகை என்பது ஒப்பந்தம். இரண்டரை ஆண்டில் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தவருக்கு அந்தத் தொகை கிடைக்காது. கேம்ப் கூலியாக விடுதியில் தங்கி, இரவு ஷிப்டில் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவர்களிடம் எங்கள் கூட்டங்களில் நீங்களே கேளுங்கள். அவர்கள் பயமுறுத்த மாட்டார்கள், கணக்குச் சொல்வார்கள்.

முன்பணம் வாங்கிவிட்ட குடும்பங்களும் எங்களிடம் பேசலாம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்துவது சட்டப்படி குற்றம், வாங்கிய முன்பணம் அதை மாற்றிவிடாது. பதினெட்டு வயது நிறைந்து, தானே விரும்பி மில் வேலைக்குப் போகும் பெண்ணிடம் நாங்கள் போகாதே என்று சொல்வதில்லை. வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா, சம்பளச் சீட்டு தருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளச் சொல்வோம்.

எட்டாவதோடு நிறுத்திய எனக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. இனி பத்தாவது எழுத முடியுமா?

முடியும், வயது வரம்பு மேலே கிடையாது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று இருந்தால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பதிவுசெய்து பள்ளிக்குப் போய்வர வேண்டும். அதைத் தவறவிட்டுவிட்டுக் கடைசியில் தவித்தவர்கள் உண்டு. எட்டாம் வகுப்பே முடிக்காதவர்களுக்கும் தனித்தேர்வர்களுக்கான எட்டாம் வகுப்புத் தேர்வு இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகத் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு எழுதுவது இன்னொரு பாதை. தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

ஜூலையில் தொடங்கும் இரவு வகுப்பு ஏழரை மணி முதல் ஒன்பது மணிவரை, வாரத்தில் நான்கு நாள். பகல் ஷிப்ட் முடித்து வருபவர்களை மனத்தில் வைத்து அமைத்த நேரம் அது. சென்ற ஆண்டு வகுப்பில் தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே வந்து உட்காருவார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துவிட்டுக்கொண்டே திரிகோணமிதி கேட்பார். குழந்தைகளைக் கூட்டி வரலாம், பின்வரிசையில் பாய் விரித்திருக்கும்.

குழந்தைத் திருமணம் பற்றித் தெரிந்தால் காவல்துறையிடம் சொல்லிவிடுவீர்களா?

பேச்சுவார்த்தை அளவில் இருந்தால் முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். தேதி குறித்துவிட்டார்கள் என்றால் பேசிக்கொண்டிருக்க மாட்டோம், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் சொல்லிவிடுவோம். இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் முறை. தகவல் தருபவரின் பெயர் வெளியிடப்படாது.

பெண்ணுக்கு 18 வயது நிறையாமல் நடத்தும் திருமணத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் தண்டனையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். இந்தச் சட்டத்தின் கீழ்ப் பெண்களுக்குச் சிறைத்தண்டனை கிடையாது என்பதால், "அம்மாவை உள்ளே போட்டுவிடுவார்கள்" என்று பிள்ளையை மிரட்டுவதில் பொருளில்லை. அப்படித் திருமணம் நடந்துவிட்ட பெண், தனக்கு 18 வயது நிறைந்த பின்பும் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தை அணுகி அதைச் செல்லாததாக்கக் கோரலாம். திருமணமான பெண்ணைப் பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர்களைத் திரும்பச் சேர்க்கவும் கூட வருகிறோம்.

ஆண் பிள்ளைகளுக்கு எதுவும் செய்ய மாட்டீர்களா?

சான்றிதழ் முகாமிலும் துணைத்தேர்வு வகுப்பிலும் அவர்களும் உட்காரலாம், உட்காருகிறார்கள். வீடு தேடிச் செல்வது மட்டும் பெண் பிள்ளைகளுக்கானது. எங்கள் ஆள்பலம் அவ்வளவுதான்.

காந்திகிராமப் பயணம் எதற்கு? சுற்றுலாவா?

பாதி சுற்றுலாதான், அதில் தவறில்லை. பதினோராம் வகுப்பு மாணவிகளில் பலர் ஒரு பல்கலைக்கழகத்தின் உள்ளே நடந்து பார்த்ததே இல்லை. சின்னாளபட்டிக்கு அருகில், நம் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கிய இணையரில் ஒருவர் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன். பெரிய தொழில் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் உட்காராமல் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். 1957 சட்டமன்றத் தேர்தலில் வேடசந்தூர்த் தொகுதியில் வென்றவர் அவர்தான் என்பது நம் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வாக்களித்தவர்களின் பேத்திகளான நமக்கும் மறந்துபோயிருக்கிறது. பின்னர் 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி மத்தியக் கல்வித் துணையமைச்சராக இருந்தார். அறுபது இடங்கள், பள்ளி மாணவிகளுக்கு முன்னுரிமை, அம்மாவையும் கூட்டி வருபவளுக்கு இரட்டை முன்னுரிமை.

மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவார்கள்?

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021 மே முதல் பெரிய உதவிதான், ஆனால் பேருந்தே இல்லாத நேரத்தில் இலவசத்தால் என்ன பயன்? எனவே வகுப்புகள் எல்லாம் கடைசிப் பேருந்துக்கு அரைமணி நேரம் முன்னால் முடியும்படி வைத்திருக்கிறோம். இரவு வகுப்புக்கு வருபவர்கள் ஊர்வாரியாகச் சேர்ந்தே திரும்புவார்கள். இரண்டு பேருக்குக் குறைவாக உள்ள ஊருக்கு எங்களில் ஒருவர் வண்டியில் கொண்டுபோய் விடுவார்.

பணமாக உதவலாமா?

பணம் வாங்குவதில்லை. பழைய பாடநூல்கள், வினா வங்கிகள், ஓடும் நிலையில் உள்ள மிதிவண்டி, நகலெடுக்கத் தாள் ஆகியவற்றைத் தரலாம். எங்களுக்கு மிகவும் தட்டுப்பாடாக இருப்பது ஆட்களின் நேரம். மே மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவர் வந்தால், அன்று முப்பது வீட்டுக் காரியம் முடியும்.

ஏப்ரலில் நீங்கள் வீடு தேடிச் செல்லும் ஊர்களின் பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. வருவீர்களா?

பிப்ரவரி மாத முதல் சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் ஊரிலிருந்து ஒருவராவது நேரில் வந்து, இந்த ஆண்டு பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால் ஏப்ரல் பட்டியலில் சேர்த்துக்கொள்வோம். பெயர்கள் தேவையில்லை, எண்ணிக்கை போதும். வருபவர் ஆசிரியராகவோ ஊராட்சி உறுப்பினராகவோ இருக்க வேண்டியதும் இல்லை. சென்ற ஆண்டு ஓர் ஊருக்காக வந்தது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண்ணும் அவளுடைய பாட்டியும்.